நைனா சமைத்த முழுப்பரீட்சை லீவு

எங்கள் வீட்டு அடுப்பு வேலையற்றுக் கிடந்த காலம் ஒன்று உண்டு. அப்போது எனக்கு ஒன்பது வயது. வாழ்க்கையில் இதைவிட நல்ல காலம் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலையில் கடையிலிருந்து பூரி வரும். கூடவே மஞ்சளாகக் கிழங்கு, பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு. அந்தப் பையின் முனையைப் பல்லால் கடித்துத் தட்டில் பீய்ச்சுவது யார் என்று எனக்கும் தம்பிக்கும் தினமும் சண்டை நடக்கும். மதியத்துக்குப் பரோட்டா. அதன்மேல் ஊற்றும் சால்னாவில் எண்ணெய் சிவப்பாக மிதக்கும். தின்று முடித்துக் கையைக் கழுவினாலும் விரல் இடுக்கில் அந்தச் சிவப்பு போகாது. சாயங்காலம் பேக்கரியில் வாங்கிய முட்டை பப்ஸ். நடுவில் பசித்தால் சிப்ஸ் பாக்கெட். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பழைய சோற்றையும் சுட்ட கருவாட்டையும் மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வாயையே பார்ப்பார்கள். நானும் அவர்கள் பார்க்கும்படியாகத்தான் தின்பேன்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணலில் இருக்கிறது. பாலத்தைத் தாண்டினால் கடைத்தெரு. அந்த வருடம் பொங்கல் முடிந்த கையோடு அம்மா மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பாலத்துக்கு அந்தப் பக்கம் வேன் வந்து நிற்கும். எங்கள் குப்பத்திலிருந்தும் அடுத்த குப்பத்திலிருந்தும் பெண்கள் போய் ஏறிக்கொள்வார்கள். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுவது அம்மாவின் வேலை. எந்தக் காரைப் பார்த்தாலும் அதன் வயிற்றுக்குள் அம்மா சுற்றிய வயர் இருக்கிறது என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருந்தேன்.

நைனாவுக்கு இது பிடிக்கவில்லை. அம்மா முதல்நாள் கிளம்பும்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"என் கை காலு நல்லா இருக்கச்சொல்ல நீ இன்னாத்துக்கு வேன் ஏறணும்?"

"உன் கை காலு நல்லாத்தான் கீது. ஏரிதான் நல்லா இல்ல" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கவாட்டில் நுழைந்து போய்விட்டார்.

வெகுநாளைக்கு அதுதான் அவர்கள் இருவரும் நேராகப் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகு எல்லாம் என் வழியாகத்தான். ஒரே அறையில் இரண்டு பேரும் இருப்பார்கள். "உங்கம்மாவ டார்ச் லைட்டு எங்கனு கேளு" என்பார் நைனா. "உங்க நைனா தலைக்கு மேலயே தொங்குதுனு சொல்லு" என்பார் அம்மா. நான் இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை முகத்தைத் திருப்பி அதையே திரும்பச் சொல்வேன். சொல்லும்போது கொஞ்சம் சுருக்கிக்கொள்வதும் உண்டு. "கண்ணு தெரியலியா அந்தாளுக்கு" போன்ற வார்த்தைகளை விட்டுவிடுவேன். சின்ன வேலையானாலும் பொறுப்பான வேலை என்று எனக்குள் பெருமை இருந்தது.

முதலில் அம்மா விடியும் முன்பே எழுந்து சோறு வடித்து, குழம்பு வைத்துவிட்டுத்தான் போய்க்கொண்டிருந்தார். பிறகு ஷிப்டு நேரம் முன்னால் வந்தது. வைத்துவிட்டுப் போன குழம்பும் வெயிலுக்கு மதியத்திலேயே புளித்தது. ஒருநாள் அம்மா வைக்காமல் போனார். நைனா கடைக்குப் போய்ப் பரோட்டா வாங்கிவந்தார். அடுத்த நாளும் அப்படியே. அடுப்பு அணைந்துகிடந்தால் அம்மா வேலையை விட்டுவிட்டு வருவார் என்று நைனா காத்திருந்தார். அணைந்துகிடந்தால் நைனாவே பற்றவைப்பார் என்று அம்மா காத்திருந்தார். அவர்கள் காத்திருந்த வாரங்கள் முழுவதும் நானும் தம்பியும் பரோட்டா தின்றோம். பள்ளிக்கூடம் இருந்தவரை எனக்கு மதியம் சத்துணவு இருந்தது. முழுப்பரீட்சை லீவு விட்டதும் அதுவும் நின்று மூன்று வேளையும் கடை என்றாயிற்று. கேஸ் அடுப்பின் மேல் நைனா வலை மிதவைகளைக் கொட்டி வைக்க ஆரம்பித்தார்.

தம்பிக்கு அப்போது நாலு வயது. அவன் எப்போது சோர்ந்துபோனான் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. முன்பெல்லாம் நண்டுப் பொந்தைக் கண்டால் கையை விட்டுவிடுகிறவன், இப்போது நிழலில் உட்கார்ந்து மணலைக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். வாயோரம் வெந்துபோய்ப் புண்ணாக இருந்தது. காலையில் கொல்லைப்பக்கம் போனால் வெகுநேரம் உட்கார்ந்து முக்கி அழுதுவிட்டுச் சும்மா திரும்பி வருவான். ஒருநாள் நைனா ஏரியிலிருந்து வந்தபோது அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சுருண்டு கிடந்தான். தூக்கியபோது வாந்தி எடுத்தான். நைனா ஈரத் துணியைக்கூட மாற்றாமல் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தைக் கடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். பொன்னேரிக்கு பஸ் ஏறினோம்.

பொன்னேரியில் ஒரு டாக்டரம்மா. தம்பியின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு, "நேத்து என்ன சாப்பிட்டான்?" என்று கேட்டார்.

நைனா என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்த கேள்வி. பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பதில் சொல்வதுபோலக் கணீரென்று சொன்னேன். காலையில் பூரி, மதியம் பரோட்டா, சாயங்காலம் பப்ஸ், ராத்திரி பாதி பரோட்டா, நடுவில் சிப்ஸ். முந்தாநாள் என்ன என்று அவர் கேட்கவில்லை. ஆனாலும் அதையும் சேர்த்துச் சொன்னேன்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எந்த ஊரு நீங்க?"

நைனா ஊரைச் சொன்னார்.

"மீன் பிடிக்கிறவரா?"

"ஆமாம்மா."

"புள்ளைக்கு நீங்க பிடிக்கிற மீனைக் கொடுத்து எத்தனை நாளாச்சு?"

நைனா மறுபடியும் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்தால் சொல்லியிருப்பேன், எனக்கும் நினைவில்லை. பிடித்த மீனெல்லாம் ஏரிக்கரையிலேயே ஏலம் போய்விடும். வீட்டில் சமைக்க ஆளில்லாதபோது வீட்டுக்கு மீன் எதற்கு?

"பயப்பட ஒண்ணுமில்ல. வயிறு இறுகிப்போயிருக்கு, ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்கு. மருந்து தரேன். ஆனா பருப்பு, கீரை, ரசம், மீன் இதெல்லாம் வீட்டுல செஞ்சு கொடுத்தாத்தான் சரியாகும். தினமும் கடையில ஊத்துற எண்ணெய இந்த வயிறு தாங்காது" என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் பொறுத்து, "அவங்க அம்மா இல்லையா?" என்றும் கேட்டார்.

"வேலைக்குப் போயிருக்காங்க" என்றார் நைனா. அம்மாவை அவர் மரியாதையாக 'ங்க' போட்டுச் சொன்னது அன்றுதான் முதன்முதலாக என் காதில் விழுந்தது.

திரும்பும்போது நைனா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். தம்பி அவர் மடியில் தூங்கினான். கடைத்தெருவில் இறங்கிப் பருப்பு, புளி, பூண்டு, ஒரு கட்டு முளைக்கீரை வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் அடுப்பின் மேலிருந்த மிதவைகளை ஒரே வாரலாக வாரி வெளியே போட்டார். எனக்குப் பரோட்டா காலம் முடிகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அம்மா வந்ததும் நான் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அம்மா தம்பியை மடியில் போட்டுக்கொண்டு அவன் வாயோரப் புண்ணைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "நாளைக்கே வேலைய விட்டுட்றேன்னு உங்க நைனாகிட்ட சொல்லு" என்றார்.

நைனா பின்பக்கம் வலையை உதறிக்கொண்டிருந்தார். நான் திரும்பிச் சொல்வதற்குள் அவரே கேட்டுவிட்டார் போலிருக்கிறது. "ஒண்ணும் விடத் தேவலனு சொல்லு. நான் பாத்துக்கறேன்" என்றார்.

நைனாவுக்குச் சமைக்கவே தெரியாது என்று சொல்ல முடியாது. கல்யாணத்துக்கு முன் காசிமேட்டு லாஞ்சுகளில் போய்ப் பல நாள் கடலிலேயே தங்கியவர். லாஞ்சில் ஆண்கள்தான் சமைப்பார்கள். அந்தக் குழம்பு வைக்கும் முறை மிகச் சுருக்கமானது. சட்டியில் புளியைக் கரைத்து ஊற்றுவது, மிளகாய்த்தூளைக் கைநிறைய அள்ளிப் போடுவது, கொதித்ததும் மீனை அள்ளிப் போடுவது. அலையில் நனைந்து உப்புக்காற்றில் விறைத்துப்போன உடம்புக்கு அந்தக் காரம் வேண்டியிருக்குமாம். மறுநாள் காலையில் ஏரியிலிருந்து வரும்போது நாலு மடவை மீனை ஏலத்துக்கு விடாமல் எடுத்துவந்து, அதே முறையில் எங்களுக்கு ஒரு குழம்பு வைத்தார். நான் ஒரு வாய் வைத்துவிட்டுக் குடத்தை நோக்கி ஓடினேன். தம்பி தன் நாக்கை வெளியே நீட்டிக் கையால் துடைத்தான். நைனா தாமும் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். அவருக்கே கண்ணில் நீர் வந்துவிட்டது.

சட்டியை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினார். "உங்கம்மாவுக்குப் போன் போட்டு, பருப்புக்கு எவ்ளோ தண்ணி வெக்கணும்னு கேளு."

அம்மா எடுக்கவில்லை. கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக்கூடாது. வாசலில் பெட்டியில் பூட்டிவிடுவார்கள். பத்து மணிக்கு டீ குடிக்க விடும்போதுதான் கையில் வரும். பத்து மணிக்கு அம்மாவே கூப்பிட்டார். குரலில் பதற்றம்.

"இன்னாடி? தம்பிக்கு இன்னா?"

"தம்பிக்கு ஒண்ணுமில்லமா. பருப்புக்கு எவ்ளோ தண்ணினு நைனா கேக்குது."

அந்தப் பக்கம் டம்ளர்கள் மோதும் சத்தமும் பல பெண்கள் ஒரே சமயத்தில் பேசும் சத்தமும் மட்டும் கேட்டன.

"அடுப்பு பத்த வெச்சிருக்குதா உங்க நைனா?"

"ஆமாம்மா."

"பருப்பு முங்கி, அதுக்கு மேல ரெண்டு வெரல் நிக்கணும்னு சொல்லு."

சொன்னேன். நைனா பாத்திரத்துக்குள் விரலை விட்டு அளந்தார். அவர் விரல் அம்மாவின் விரலைவிடத் தடிமன் என்பது யாருக்கும் தோன்றவில்லை. அன்றைய பருப்பு ரசம்போல இருந்தது. ஆனாலும் தம்பி சாப்பிட்டான்.

அதற்குப் பிறகு தினமும் பத்து மணிக்குப் போன் வரும். நான் சுவரோரமாக நின்று போனைப் பிடித்துக்கொள்வேன். ஸ்பீக்கரில் போட்டால் அம்மா பேசுவது நைனாவுக்கும் கேட்கும், நைனா பேசுவது அம்மாவுக்கும் கேட்கும். ஆனாலும் இருவரும் என்னிடம்தான் பேசுவார்கள். "வெங்காயம் செவந்துச்சானு கேளு." "செவந்துச்சுனு சொல்லு." நான் ஒன்றையும் விடாமல் திரும்பச் சொல்வேன். அப்படித்தானே பழக்கம்.

தாளிக்கும் இடம் வந்ததும் அம்மா, "போன சட்டிகிட்ட கொண்டுபோ" என்பார். நான் எண்ணெய் தெறிக்காத தூரத்தில் போனை நீட்டுவேன். மீஞ்சூரில் டீ கிளாசோடு நிற்கும் அம்மா எங்கள் வீட்டுச் சட்டியைக் காதால் பார்ப்பார். "கடுகு வெடிக்கற சத்தமே வரல. எண்ணெ காயறதுக்குள்ள போட்டுட்டாரு உங்க நைனா" என்பார். அவர் சொன்னது சரியாக இருக்கும். நைனா போனை ஒருமாதிரியாகப் பார்ப்பார். உள்ளே கண் ஏதும் வைத்திருக்கிறதோ என்று சந்தேகப்படுவதுபோல.

நாள் போகப் போக அம்மாவுடன் வேலை செய்யும் பெண்களும் போனைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். "வெந்தயம் ஒரு சிட்டிகை போடச் சொல்லுக்கா" என்று ஒரு குரல் வரும். "குழம்புக்கு எதுக்குடி வெந்தயம், கசக்கும்" என்று இன்னொரு குரல் மறுக்கும். அவர்கள் அங்கே சண்டை போட, இங்கே நைனா வெந்தயத்தை விரல் நுனியில் வைத்துக்கொண்டு போடுவதா வேண்டாமா என்று நிற்பார். குப்பத்தில் விஷயம் பரவிவிட்டது. வலை பின்னும் இடத்தில் ஆண்கள், "இன்னா மச்சான், இன்னிக்கு சாம்பாரா ரசமா?" என்று கேட்பார்கள். நைனா முறைக்காமல், "கீரக் கடையல். வந்து சாப்புடு" என்பார்.

கீரைக் கடையல் செய்த ஒரு நாள்தான் அது நடந்தது. பருப்பும் கீரையும் நன்றாக வெந்திருந்தன. பூண்டும் காய்ந்த மிளகாயும் தாளிக்க எண்ணெய் வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்துப் பூனை ஒன்று ஜன்னல் வழியாகக் குதித்து, தட்டில் அலசி வைத்திருந்த மீன் ஒன்றைக் கவ்விக்கொண்டு ஓடியது. தம்பி கத்தினான். நான் போனும் கையுமாகப் பூனையைத் துரத்திக்கொண்டு வெளியே ஓடிவிட்டேன். போனுக்குள் அம்மா, "எங்கடி ஓடற? சட்டி எங்கடி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

உள்ளே எண்ணெயில் தீப்பிடிக்காத குறை. மிளகாய்ப் புகை வாசல்வரை வந்தது. நைனா இருமிக்கொண்டே பாய்ந்து வந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"ஏமே! கருவுதுமே! இன்னா பண்றது?"

"எறக்குய்யா! மொதல்ல சட்டிய எறக்கு!"

நைனா ஓடினார். சட்டி தரையில் விழுந்ததுபோல ஒரு சத்தம்.

"எறக்கிட்டேன்."

"மொளகா?"

"கருப்பாப் பூட்ச்சு."

"கொட்டிடு. வேற எண்ணெ ஊத்து. கைய சுட்டுக்கினியா?"

நைனா தம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புகைக்கு இருமினார்.

"இல்ல" என்றார்.

"பாத்துய்யா" என்றார் அம்மா.

பொங்கல் கழிந்ததிலிருந்து அவர்கள் பேசாமல் காத்துவைத்த பேச்சு இதுதான். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. பூனையிடமிருந்து மீனை மீட்க முடியவில்லையே என்ற வருத்தத்தில் நான் வாசலில் நின்றிருந்தேன்.

மறுநாள் பத்து மணிக்குப் போன் வந்தபோது நைனாவே எடுத்துப் பேசினார். அதற்கு அடுத்த நாளும். எனக்கு வேலை போய்விட்டது. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு கரண்டியால் கிளறுவதற்கு நைனா பழகிவிட்டார். சாயங்காலம் அம்மா வரும்போது புதிதாக வடித்த சோறும் சுடவைத்த குழம்பும் இருக்கும். நாலு பேரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுவோம். உப்பு தூக்கலாக இருந்தால் அம்மா சோற்றைக் கொஞ்சம் அதிகமாகப் பிசைந்துகொள்வார். கடைப் பரோட்டாவை ஆளுக்கொரு மூலையில் தின்றுகொண்டிருந்தவர்கள் நாங்கள். இப்போது ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்ததும், சும்மாவாவது ஏதாவது பேசவேண்டியிருந்தது. வேனில் யார் தூங்கி யார்மேல் சாய்ந்தாள் என்று அம்மா சொல்வார். முகத்துவாரத்தில் மணல் அடைத்துக்கொண்டு வருகிறது என்று நைனா சொல்வார். தம்பி முள் எடுத்த மீனை உள்ளங்கையில் வாங்கி வாங்கித் தின்பான். அவன் வாயோரப் புண் எப்போது ஆறியது என்பதை யாரும் கவனிக்கவில்லை. ஒருநாள் நண்டு கடித்து அலறிக்கொண்டு வந்தான். எல்லோருக்கும் சந்தோஷமாகிவிட்டது.

இடையில் அத்தை ஒருமுறை வந்தார். நைனாவுக்கு அக்கா. அடுத்த குப்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று யாரோ சொல்லிக் கேட்டு வந்தவர், வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த நைனாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாடா இது? பொண்டாட்டிய வேன் ஏத்தி அனுப்பிட்டு நீ கீர ஆயறியா? ஊரு சிரிக்குதுடா!"

"உக்காருக்கா. சாப்ட்டுட்டுப் போ" என்றார் நைனா.

"எனக்கு ஒண்ணும் வேணாம்."

"எறாத் தொக்குக்கா."

அத்தை உட்கார்ந்தார். முதல் உருண்டையை வாயில் போட்டுக்கொண்டு முகத்தைக் கோணலாக வைத்திருந்தார். இரண்டாவது உருண்டையில் கோணல் சரியாகிவிட்டது. பிறகு தட்டை நைனாவின் பக்கம் தள்ளினார். நைனா இன்னொரு கரண்டி சோறு வைத்தார். அத்தை தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார். அந்த வாரமே, தன் தம்பிக்குச் சின்ன வயதிலேயே தொக்கு வைக்கக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

லீவு முடியப்போகிற சமயத்தில் கோடை மழை ஒன்று வந்தது. காற்றும் பலமாக அடித்தது. கரண்டு போயிற்று, போனில் சிக்னலும் போயிற்று. பத்து மணிக்குப் போன் வரவில்லை. நைனா இரண்டு மூன்று முறை போனைத் தூக்கிப் பிடித்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்துபார்த்தார். பிறகு அடுப்படிக்கு வந்து தாமாகவே வேலையைத் தொடங்கினார்.

அன்று நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஒரு இடத்திலும் அவர் கை தயங்கவில்லை. மடவையைச் செதில் உரசி, உப்புப் போட்டு அலசி வைத்தார். சின்ன வெங்காயத்தை உரித்தார். சட்டி காய்ந்ததும் எண்ணெய் ஊற்றினார். கடுகு போடுவதற்கு முன் தலையைச் சாய்த்துக் காதைச் சட்டிப் பக்கம் கொண்டுபோனார். கடுகு படபடவென்று வெடித்தது. வெந்தயம் ஒரு சிட்டிகைதான், யாரையும் கேட்கவில்லை. புளிக்கரைசல் கொதித்து ஓரத்தில் எண்ணெய் பிரிந்து வந்த பிறகு மீனைப் போட்டு, கரண்டி விடாமல் சட்டியைத் துணியால் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அந்த வாசனைக்குத் தம்பி மழையில் ஆடிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு உள்ளே வந்து தட்டை எடுத்துக்கொண்டான். சாயங்காலம் அம்மா நனைந்துபோய் வந்து, தலையைத் துவட்டாமலே ஒரு விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு நைனாவைப் பார்த்தார். நைனா வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மழை விட்டது. சிக்னலும் வந்துவிட்டது. பத்து மணிக்குப் போன் அடித்ததும் நைனா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். எடுத்ததும் கேட்டார், "ஏமே, கடுகு எப்ப போடறது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நைனா! நேத்து நீயே போட்டியே! உனக்குத்தான் தெரியுமே!"

நைனா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினார். போனுக்குள் அம்மா சிரித்தார். வெகுநாளாகக் கேட்காத சிரிப்பு. சிரித்து முடித்துவிட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார், "எண்ணெ நல்லா காயட்டும். போனக் கிட்ட வையி. நான் சொல்றேன்."

நைனா ஒன்றும் தெரியாதவர்போல அடுப்புக்குப் பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடுப்பைப் பார்த்தேன், இன்னும் பற்றவைக்கவே இல்லை.

அதற்கு மறுநாளும் அதே கேள்வி. அதற்கடுத்த நாள் அரிசி எத்தனை விசில் என்று கேட்டார். எங்கள் வீட்டில் அப்போதும் சோறு வடித்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஆக, நைனாவுக்கு ஞாபகசக்தி குறைந்துகொண்டே வருகிறது என்று முடிவு செய்தேன். உப்புக்காற்றிலும் வெயிலிலும் கிடப்பதால் இருக்கலாம் என்று தோன்றியது. பாவமாக இருந்தது. இனிமேல் அவர் என்ன கேட்டாலும் அம்மாவைத் தொந்தரவு செய்யாமல் நானே பதில் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, பத்து மணி ஆவதற்குள் அடுப்படியில் போய்த் தயாராக உட்கார்ந்துகொண்டேன். அம்மாவுக்கும் டீயை ஆறவிடாமல் குடிக்க நேரம் கிடைக்குமல்லவா?

போன் அடித்தது. நைனா அதை எடுக்கப்போனவர், என்னைப் பார்த்தார்.

"கறிவேப்பில இல்ல. கடத்தெருவுக்குப் போயி ஒரு கொத்து வாங்கினு வா. தம்பியையும் கூட்டினு போ. மெதுவா வந்தா போதும்."

எங்கள் கொல்லையில் கறிவேப்பிலைச் செடி ஆள் உயரத்துக்கு நின்றிருந்தது. அதையுமா மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தை நோக்கி ஓடினேன்.